காட்டுக்குப் படியளக்கும் மரம்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் தை பிறந்துவிட்டால் மழைக்கணக்கு முடிந்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை ஏரியில் சேர்த்துவைத்த தண்ணீர்தான் அடுத்த மழை வரைக்குமான கையிருப்பு. மாசியில் வேம்பு இலையுதிர்க்கும், புளியம்பழம் உலுக்குவார்கள், அறுப்பு முடிந்த வயல் வெடிக்கத் தொடங்கும். அதே மாதங்களில் மாநிலத்தின் தென்கோடியில், திருநெல்வேலி மாவட்டத்துக் காக்காச்சி மலைமீது, இலையுதிர்க்காத காடு பச்சைப்பசேல் என்று நிற்கிறது. நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மரத்தில் வாழும் பழந்தின்னி விலங்குகளுக்கு அங்கும் அது பஞ்சகாலம்தான். பெரும்பாலான மரங்களில் பழம் ஓய்ந்துவிட்ட அந்த வாரங்களில் ஓர் இனம் மட்டும் கிளை கிளையாகப் பூத்துத் தள்ளுகிறது. குரங்கு, அணில், மரநாய், வௌவால் என்று காட்டின் பாதிக் குடும்பங்கள் அதை நம்பி நாளை ஓட்டுகின்றன.

அந்த மரம் வெடிப்பலா. கேரளத்தில் வெடிப்பிலாவு, காரயனி என்பார்கள். மர வியாபாரிகளுக்குக் கரணி. தாவரவியல் பெயர் குல்லீனியா எக்ஸாரிலேட்டா. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

ஒரு மழைக்காட்டு மரத்தைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? மரத்தையா, விதையையா, அது நிற்கும் மலையையா, அதன் கிளையில் ஏறும் குரங்கையா? ஐம்பது ஆண்டுகளாகத் தென்னிந்தியக் காட்டாய்வாளர்கள் சுற்றிச் சுற்றி வந்திருக்கும் கேள்வி இது. வெடிப்பலாவைப் போல அதற்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லும் மரம் வேறு இல்லை.

முதலில் மரத்தின் தோற்றம். நேரான அடிமரம், முப்பது நாற்பது மீட்டர் உயரம், காட்டின் மேல்விதானத்தில் தலை. இலையின் மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. அடிப்புறத்தில் நுண்ணிய செதில்கள் படிந்து வெள்ளியும் செம்பும் கலந்த நிறம். காற்றடிக்கும்போது விதானம் முழுவதும் நிறம் மாறி மாறித் தெரிவதால், எதிர்மலையில் நின்றே இது வெடிப்பலாக் காடு என்று சொல்லிவிடலாம். கைப்பந்தைவிடச் சிறிய, உருண்டையான காய். உடம்பெல்லாம் முள். முள்ளைப் பார்த்துப் பலாவின் பெயரை மக்கள் சூட்டியிருக்கிறார்கள். உறவு முறையில் அது பலாவுக்கு அந்நியம், துரியனுக்கு நெருக்கம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த தமிழர்களுக்குத் துரியனைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீலகிரி அடிவாரத்தில் கல்லாறு, பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் அது காய்க்கிறது. துரியனில் விதையைச் சுற்றியிருக்கும் சதைதான் விலைபோகும் பொருள். வெடிப்பலாவின் விதையைச் சுற்றி அந்தச் சதை கிடையாது. பழுத்ததும் முள்ளோடு பிளந்து, கஷ்கொட்டை நிறத்தில் வழவழப்பான பெரிய விதைகளை உதிர்க்கும், அவ்வளவுதான். அதனால்தான் சந்தைக்கு வராத மரமாக, மனிதன் நட்டு வளர்க்காத மரமாக, காட்டுக்குள்ளேயே அது தங்கிவிட்டது.

திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த தளபதி வில்லியம் கல்லனின் பெயரை 1851-ல் இந்தப் பேரினத்துக்குச் சூட்டியவர் ராபர்ட் வைட். மருத்துவராக வந்து தாவரவியலராக மாறி, சென்னை மாகாணத்துச் செடிகொடிகளைப் பல தொகுதிகளாகப் படத்தோடு பதிப்பித்தவர் அவர். அந்தப் படங்களை வரைந்த தென்னிந்திய ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். தாவரவியல் நூல்களில் வைட்டின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இலையின் நரம்பையும் காயின் குறுக்குவெட்டையும் பிசகாமல் தீட்டிய அந்த இருவருக்கும் உரிய மரியாதை பிற்காலத்தில்தான் கிடைக்கத் தொடங்கியது. இலங்கையில் வளர்வதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வதும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1970-ல் பெல்ஜியத் தாவரவியலர் ஆந்த்ரே ராபின்ஸ் இந்திய மரத்தைத் தனி இனமாகப் பிரித்தார். இன்று இந்தப் பேரினத்தில் மூன்றே இனங்கள். இரண்டு இலங்கைக்கு, ஒன்று நமக்கு.

துரியன் குடும்பத்தின் மற்ற உறவினர்கள் போர்னியோவிலும் மலாயாவிலும் இருக்க, இந்த மூன்றும் இந்தியப் பெருங்கடலின் இந்தப் பக்கம் எப்படி வந்தன? குஜராத்தின் லிக்னைட் சுரங்கங்களில் கிடைத்த ஐந்து கோடி ஆண்டுப் பழைமையுள்ள மகரந்தத் துகள்களில் துரியன் வகையை ஒத்தவை இருக்கின்றன. இன்று கள்ளியும் முள்ளும் மண்டிய அந்த நிலத்தில் அன்று ஈரக்காடு இருந்தது. நம் பக்கத்துக்கு வந்தாலும் அதே கதைதான். நெய்வேலியில் வெட்டி எரிக்கும் பழுப்பு நிலக்கரி, கிழக்குக் கடற்கரைச் சமவெளியில் ஒரு காலத்தில் செழித்த ஈரக்காடுகளின் மிச்சம். காஞ்சிக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழைமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. காலநிலை வறண்டு வறண்டு ஈரக்காடு மேற்கே பின்வாங்கியது. மலையின் மழைமுகத்தில், இடைவிடாத ஈரம் கிடைத்த சில நூறு கிலோமீட்டர் நீளத்துக்குள் அது ஒடுங்கியது. அப்படி ஒதுங்கிய பழங்குடிகளில் ஒன்றுதான் வெடிப்பலா.

எங்கே நிற்கிறது, எங்கே நிற்பதில்லை என்பதைக் கவனித்தால் மரத்தின் குணம் புரியும். தெற்கே அகத்தியமலை தொடங்கி ஏலமலை, மேகமலை, ஆனைமலை வழியாக அமைதிப் பள்ளத்தாக்கையும் வயநாட்டையும் ஒட்டிப் போய் அதன் ஆட்சி முடிந்துவிடுகிறது. உயரத்தில் சுமார் 600 மீட்டரிலிருந்து 1,400 மீட்டர் வரை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ழான்-பியர் பாஸ்கல் 1988-ல் வெளியிட்ட நூலில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பசுமைமாறாக் காடுகளை அவற்றில் ஓங்கி நிற்கும் மரங்களின் பெயரால் வகுத்தார். தென்பகுதியின் நடுத்தர உயரக் காட்டுக்கு அவர் கொடுத்த அடையாளம் வெடிப்பலா, நாங்கு, பாலி என்னும் மூன்று மரங்கள். காக்காச்சியில் எண்ணிப்பார்த்தவர்களும் ஏறத்தாழ இதையே கண்டார்கள். பல பத்து இனங்கள் இருந்தாலும் விதானத்தின் பெரும்பங்கை வெடிப்பலாவும் பாலியும் இன்னும் ஓரிரு இனங்களும்தான் பிடித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். மழைக்காடு என்றதும் மழையின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று தோன்றும். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. அங்கே வெடிப்பலா இல்லை. காக்காச்சியில் அதில் பாதி கொட்டினாலே பெரிது. அங்கே வெடிப்பலாதான் ராஜா. வித்தியாசம் எங்கே? ஆகும்பேயின் மழை சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு நீண்ட வறட்சி. காக்காச்சி இருக்கும் அகத்தியமலைக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு, நடுவில் கோடைமழையும் உண்டு. தெற்கே வறண்ட காலம் இரண்டு மூன்று மாதம்தான். வடக்கே போகப்போக அது ஐந்தாகி, ஆறாகி, இன்னும் நீள்கிறது. இத்தனை மழை வேண்டும் என்பதைவிட, இடைவெளி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பதே இந்த மரத்தின் நிபந்தனை. வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்தின் மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்துக்கு வரும் ஊத்து, நாலுமுக்கு என்ற தேயிலைத் தோட்டங்களின் பெயர்களை வானிலைச் செய்தி கேட்பவர்கள் அறிவார்கள். அந்த இரண்டு தோட்டங்களும் நிற்பது வெடிப்பலாவின் நிலத்தில்.

அதே காட்டில் கருங்குங்கிலிய மரமும் இருக்கிறது. இளந்தளிர் ரத்தச் சிவப்பாகத் துளிர்க்கும் உயரமான மரம். காடர் உள்ளிட்ட மலைவாழ் மக்கள் அதன் பிசினை எடுத்து விற்பார்கள். காஞ்சிக் கோயில் வாசல் கடைகளில் சாம்பிராணியோடு விற்கும் குங்கிலியத்துக்கு இப்படி ஒரு காட்டு முகவரி உண்டு. சமவெளியில் இருப்பவர்களுக்கும் மழைக்காட்டுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால், கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் புகையும் தூபக்காலைக் காட்டலாம்.

வெடிப்பலாவின் உண்மையான வியப்பு அதன் பூவில் இருக்கிறது. இலையில்லாத கிளைப்பகுதியில், பட்டையிலேயே புடைத்த முடிச்சுகளிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும். அல்லி இதழ் கிடையாது. குழல்போன்ற, சதைப்பற்றான புல்லிவட்டம்தான் பூவின் உடம்பு. மங்கிய வெண்மை கலந்த பழுப்பு நிறம். கண்ணைப் பறிக்கும் அழகு எதுவும் இல்லை. தேனீயையோ வண்ணத்துப்பூச்சியையோ அழைக்கும் பூவின் இலக்கணம் இதில் பொருந்தவே பொருந்தாது.

யாருக்காக இந்தப் பூ? டி. கணேஷ், பிரியா டேவிதார், எம். சௌபத்ரா தேவி ஆகியோர் 1990-களில் களக்காடு மலையில் மரத்துக்கு மரம் காத்திருந்து விடை தேடினார்கள். பகலில் சிங்கவால் குரங்கும் நீலகிரிக் கருமந்தியும் மலை அணிலும் வந்தன. இரவில் மரநாயும் சிற்றணில்களை ஒத்த கொறிவிலங்குகளும் பழந்தின்னி வௌவால்களும் வந்தன. எல்லாம் வந்தது தின்பதற்கு. சதைப்பற்றான அந்தப் புல்லிவட்டமும் அதிலுள்ள தேனுமே உணவு. குரங்குக் கூட்டம் ஒரு மரத்தில் இறங்கினால் அடியில் பூக்கள் மெத்தையாகக் கொட்டிக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது அழிவாகத்தான் தெரியும். இத்தனை பூ தின்னப்பட்டால் மரம் எப்படிக் காய்க்கும்?

காய்க்கிறது. தின்ன வந்த விலங்கின் முகத்திலும் மயிரிலும் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போகிறது. காக்காச்சியின் 86 மர இனங்களின் மகரந்தச் சேர்க்கையைத் தேவியும் டேவிதாரும் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட கட்டுரையில், பெரும்பாலான மரங்கள் தேனீ, வண்டு போன்ற பூச்சிகளையே நம்பியிருப்பது தெரியவந்தது. பாலூட்டிகளை நம்பிப் பூக்கும் மரம் அந்தக் கூட்டத்தில் அபூர்வம். ஆயிரக்கணக்கில் பூத்து, பெரும்பகுதியைத் தின்னக் கொடுத்து, மிஞ்சியதைக் காயாக்கிக்கொள்வது வெடிப்பலாவின் வழி. எல்லா ஆண்டும் ஒரே மாதிரி பூப்பதும் இல்லை. சில ஆண்டு காடே பூத்ததுபோல இருக்கும், சில ஆண்டு பெயருக்கு. அப்படிப் பெயருக்குப் பூக்கும் ஆண்டில் அதை நம்பியிருக்கும் விலங்குகள் என்ன செய்கின்றன என்பதே ஒரு காட்டின் வலிமையைச் சோதிக்கும் கேள்வி. பக்கத்து மலைமுகட்டில் வேறு மரம் இருந்தால் அங்கே போகும். முகடுகளுக்கு நடுவே தேயிலை இருந்தால்?

பூவுக்குப் பின் காய். முள்ளுக்குப் பின்னால் இருக்கும் விதைக்காகச் சிங்கவால் குரங்கு பழுக்கும்வரை காத்திருப்பதில்லை. முற்றாத காயையே கைகளாலும் பற்களாலும் பிளந்து விதையை எடுத்துத் தின்னும். மலை அணிலும் அதைச் செய்யும். ஆக, பூவும் காயுமாக ஆண்டில் பல மாதங்கள் இந்த மரம் ஒரே கூட்டத்துக்குச் சோறு போடுகிறது. ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கோவ்ஸ்கியும் 1970-களின் நடுவில் அகத்தியமலைப் பகுதியில் இந்தக் குரங்கைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, குரங்கின் எதிர்காலமும் காட்டின் எதிர்காலமும் வெவ்வேறல்ல என்று 1977-ல் எழுதினார்கள். உலகில் இன்று காட்டில் வாழும் சிங்கவால் குரங்குகள் நாலாயிரத்துக்கும் குறைவு. அத்தனையும் இந்த மலைத்தொடரில்தான்.

தின்னத் தப்பிய விதை தாய்மரத்தடியில் விழுந்து, ஈரம் இருந்தால் சில வாரங்களில் முளைத்துவிடும். உறங்கிக் காத்திருக்கும் குணம் அதற்கு இல்லை. வேலிகாத்தான் விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து முளைப்பதை முசரவாக்கத்து விவசாயிகள் கசப்போடு அறிவார்கள். வெடிப்பலா அதற்கு நேர் எதிர். காய்ந்தால் செத்துப்போகும். முளைத்த கன்றுக்கும் நிழல் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். விதானத்தை வெட்டித் திறந்த மலையில் வெயில் விழுந்தால், மண்ணுக்குள் வெடிப்பலா விதை சேமிப்பாக இருக்காது. இருந்த கன்றும் கருகும். சில தலைமுறை மனிதர்கள் காத்திருந்தாலும் அது தானாகத் திரும்பாது. மழைக்காட்டை வெட்டிவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்ளலாம் என்ற வாதம் இந்த ஒரு விதையின் முன்னாலேயே தோற்றுவிடுகிறது.

வெட்டினார்கள். ஆனைமலையின் மேல் வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் காப்பி வந்தது. அது முடிவதற்குள் தேயிலை வந்தது. சமவெளியிலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்கள் மலேரியாவிலும் அட்டைக்கடியிலும் செத்துப் பிழைத்து அந்தக் காட்டைத் தோட்டமாக்கினார்கள். பிறகு அணைகள். சோலையாறும் மேல் ஆழியாறும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் எழுந்தன. தெற்கே கோதையாற்றிலும் நீர்மின் திட்டம். கரணி மரம் லேசானது. ஒட்டுப்பலகைக்கும் பெட்டிக்கும் ஏற்றது என்று அறுத்துக்கொண்டு போனார்கள். ஏலத்தோட்டங்களில் உயரமான மரத்தை விட்டுவைத்து அடிக்காட்டை மட்டும் துப்புரவாக்கினார்கள். பார்வைக்கு அது காடுதான். கன்று ஒன்றுகூட இல்லாததால் அடுத்த தலைமுறை இல்லாத காடு.

இந்தப் போக்குக்கு முதல் பெரிய தடை விழுந்தது பாலக்காட்டு எல்லையில். குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்ட அமைதிப் பள்ளத்தாக்கு, வெடிப்பலாவும் பாலியும் செழித்த காடு. 1970-களின் பின்பாதியில் தொடங்கிய எதிர்ப்பில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஆசிரியர்களும் சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் சலீம் அலி போன்ற அறிவியலர்களும் ஒன்றாக நின்றார்கள். சிங்கவால் குரங்கு அந்தப் போராட்டத்தின் முகமாயிற்று. குரங்குக்காக மின்சாரத்தை விடுவதா என்று கேலியும் வந்தது. அந்தக் குரங்கு எதைத் தின்று வாழ்கிறது என்ற கேள்வி வந்தபோது பேச்சு வெடிப்பலாவுக்கும், மரத்திலிருந்து மொத்தக் காட்டுக்கும் நகர்ந்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தார்.

தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1976-ல், களக்காடு சிங்கவால் குரங்குக்கான சரணாலயமாயிற்று. 1988-ல் முண்டந்துறையோடு சேர்த்து மாநிலத்தின் முதல் புலிகள் காப்பகம். புலியின் பெயரால் காக்கப்பட்டாலும் அங்கே அதிகம் பலன் பெற்றது மேல்மலையின் ஈரக்காடுதான். 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டமும், கூடலூர்க் காட்டைப் பற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் கோடரியை நிறுத்தின. வெட்டுவதைச் சட்டம் நிறுத்தலாம். வெட்டிய இடத்தில் மரத்தை நிறுத்த அதனால் முடியாது.

அந்த வேலை வால்பாறையில் நடக்கிறது. தேயிலைக்கு நடுவே, செங்குத்தான சரிவு, ஓடைக்கரை, பாறைமுகடு என்று பயிரிட முடியாமல் விட்ட இடங்களில் சுமார் நாற்பது காட்டுத்துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. பல தனியார் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முதப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் குழுவினரும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு பேசி, சிதைந்த துண்டுகளைத் திருத்தி வருகிறார்கள். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலுக்குக் கொண்டுவருவதில் வேலை தொடங்குகிறது. வெடிப்பலா விதையைத் தாமதிக்காமல் விதைத்தால் நன்றாக முளைக்கிறது. இடத்தைப் பிடித்திருக்கும் உண்ணிச்செடியை, இடையில் தானாக முளைத்த நாட்டுக் கன்றுகளை மிதிக்காமல், பார்த்துப் பார்த்துக் களைய வேண்டும். தென்மேற்குப் பருவம் இறங்கும் ஜூனில் நட வேண்டும். ஓர் இனமல்ல, பல பத்து இனங்கள் கலந்து. பிறகு ஆண்டுக்கணக்கில் களையெடுத்து, எத்தனை பிழைத்தன என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனந்த் ஒசூரி முதலியோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, இப்படி நட்டுத் திருத்திய துண்டுகளையும் தானாக வளர விட்ட துண்டுகளையும் பழுதில்லாத காட்டையும் ஒப்பிட்டது. திருத்தியவற்றில் மர இனங்களும் மரத்தில் சேர்ந்த கரிமமும் விட்டுவிட்ட துண்டுகளைவிடக் கூடுதலாக இருந்தன. பழைய காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை. இரண்டும் ஒருசேர உண்மை. நடுவது வீண் என்பவர்களுக்கு முதல் பாதி பதில். நட்டால் போதும் என்பவர்களுக்கு இரண்டாம் பாதி பதில்.

ஒரு கடினமான எதிர்வாதத்தையும் சந்திக்க வேண்டும். வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் சுமார் 92 ஹெக்டேர் காட்டுத்துண்டு. பழைய மரங்கள் பெரும்பாலும் போய், அடியில் காப்பியும் மேலே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீசாப்சிஸ் மரமும் நிற்கும் இடம். அங்கே சிங்கவால் குரங்குகள் அடர்ந்து வாழ்கின்றன. மீசாப்சிஸ் பழமும் காப்பிப் பழமும் தின்னப் பழகிவிட்டன. வெடிப்பலா இல்லாமலும் குரங்கு வாழுமானால் அந்த மரம் அவசியமா?

வாழ்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மரத்திலிருந்து இறங்காத விலங்கு அங்கே சாலையில் நடக்கிறது. வண்டியில் அடிபடுகிறது. சமையலறைக்குள் புகுந்து சோற்றுப் பானையில் கைவிடுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தையை வைத்திருக்கும் பெண்களுக்கு அது தினசரித் தொல்லை, அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சாலைக்கு மேல் தீயணைப்புக் குழாய்த் துணியால் கட்டிய பாலங்களில் குரங்குகள் கடக்கின்றன. அடிபடுவது குறைய அது உதவுகிறது. ஆனாலும் பாலம் பாலம்தான், கிளை அல்ல. புதுத்தோட்டம் காட்டுவது குரங்கின் சமாளிக்கும் திறமையை. அது தின்று வளர்த்த மரங்களைப் பற்றி அந்த இடம் எதையும் சொல்வதில்லை. பூவைத் தின்ன வரும் குரங்கு போய்விட்டால் வெடிப்பலாவுக்கு மகரந்தம் கடத்தும் ஆள் குறையும். மரம் போய்விட்டால் மரநாய்க்கும் வௌவாலுக்கும் வறண்ட மாதத்து உணவு இல்லை. குரங்கை மட்டும் எண்ணிக் கணக்குப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சமவெளிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், தண்ணீர் முதல் பதில். காஞ்சி நெசவாளர்கள் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீரைக் காரணம் சொல்வதுண்டு. அந்தப் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அகத்தியமலையாகிய பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியில் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு பருவத்தின் மழையும், அதை வாங்கி மெல்ல விடும் வெடிப்பலாக் காட்டின் மண்ணும் தலைமாட்டில் இருப்பதுதான் அதற்குக் காரணம். அதற்காக வெடிப்பலாவை முசரவாக்கம் ஏரிக்கரையில் நட வேண்டியதில்லை, நட்டால் ஒரு சித்திரையைக்கூட அது தாங்காது. காஞ்சிச் சமவெளிக்கு உரிய காடு வேறு. வீரை, உலக்கைப்பாலை, காசான், காரை என்று குட்டையான, வறட்சிக்கு அஞ்சாத, அதுவும் இலையுதிர்க்காத மரங்களின் காடு. 1968-க்குப் பிறகு ஆரோவில்லில் பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டில் அந்தக் காட்டை மீட்டிருக்கிறார்கள். மரம் நடும் விழாக்களில் எந்தக் கன்று கிடைத்தாலும் நடும் வழக்கத்தை விட்டு, இந்த மண்ணின் பழைய மரம் எது என்று கேட்கத் தொடங்கினால், வெடிப்பலாவின் பாடத்தைச் சமவெளி எடுத்துக்கொண்டதாகும்.

இப்போது மறுபடி காக்காச்சி. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரில்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தோட்டங்கள் எழுந்தன. குத்தகை 2028-ல் முடிகிறது. நிறுவனம் 2024-லேயே வேலையை முடித்துக்கொண்டது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற தொழிலாளர்களின் கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலம் காட்டுக்குத் திரும்புகிறது. காட்டுக்கு நல்ல செய்தி. நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து, கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் தடியடிக்குத் தப்ப ஓடிப் பதினேழு உயிரைப் பறிகொடுத்த மக்களுக்கு அது வீட்டையும் வேலையையும் ஒன்றாக இழக்கும் செய்தி. காடு மீள்வதைக் கொண்டாடும் யாரும் இந்த இரண்டாம் பாதியைக் கடந்துபோகக் கூடாது.

கைவிட்ட தேயிலை தானாகக் காடாகிவிடாது. கவாத்து இல்லாத தேயிலைச் செடி மரமாக உயர்ந்து, அடியில் எதையும் வளரவிடாமல் நெருக்கும். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் நிற்கும். உண்ணிச்செடி புகும். வெடிப்பலாக் கன்றை வெயிலில் நேராகக் கொண்டுபோய் நட முடியாது. முதலில் வெயில் தாங்கும், வேகமாக வளரும் நாட்டு மரங்களை நட்டு நிழல் உண்டாக்க வேண்டும். நிழல் கூடிய பிறகு அதன் அடியில் வெடிப்பலாவும் பாலியும் நாங்கும். பக்கத்திலேயே பழுதில்லாத காடு இருப்பது காக்காச்சிக்கு வாய்த்த பேறு. வால்பாறையின் பல துண்டுகளுக்கு அது இல்லை. விதை அங்கிருந்து வரும், குரங்கும் அணிலும் அங்கிருந்து வரும். நடுவதற்கும் களையெடுப்பதற்கும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஆள் வேண்டும். எந்தச் சரிவில் மண் இளகும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும், அட்டைக்கு என்ன தடவ வேண்டும், யானை எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் தெரிந்த ஆட்கள் மாஞ்சோலைத் தோட்டங்களில் வேலை இழந்தவர்கள்தான். காட்டை மீட்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், அதன் முதல் கூலிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும்.